மெல்லக் கற்போர் பட்டியலை எழுதுவது யார்?

பள்ளி திறந்து சில வாரங்களில் அரசுப் பள்ளிகளில் ஒரு பட்டியல் தயாராகிவிடும். 'மெல்லக் கற்போர்' பட்டியல். வகுப்பாசிரியர் ஒரு தாளில் பெயர்களை எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுப்பார். தலைமை ஆசிரியர் அதைக் கோப்பில் சேர்ப்பார். ஆய்வுக்கு அதிகாரி வந்தால் எடுத்துக் காட்டுவார். அந்தத் தாளில் பெயர் ஏறிய பிள்ளைக்கு அதன் பிறகு என்ன நடக்கிறது? முனைவர் பட்ட ஆய்வுக்காக இந்தக் கேள்வியோடு சில ஆண்டுகளாகப் பள்ளி பள்ளியாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை. நடந்தால் உட்காரும் இடம் மாறுகிறது. பத்தாம் வகுப்பு வரும்போது 'ஸ்லோ லேர்னர் மெட்டீரியல்' என்று ஒரு மெல்லிய புத்தகம் கைக்கு வருகிறது. 'இதை மட்டும் மனப்பாடம் பண்ணு, முப்பத்தைந்து வந்துவிடும்' என்கிறார்கள். ஆறாம் வகுப்பில் வாசிக்கத் திணறிய பிள்ளை ஏன் திணறியது என்று நடுவில் இருந்த நான்கு ஆண்டுகளில் யாரும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள்.

பட்டியலில் உள்ள பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்ல அவர்களுக்குப் பதிவேடு எதுவும் தேவைப்படுவதில்லை. 'காலனிப் பசங்கதான் சார் அதிகம், வீட்டுல சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்கள். அந்த ஒரு வரியில் நோயைக் கண்டுபிடித்து, காரணத்தையும் சொல்லி, பொறுப்பையும் கைமாற்றிவிட்டார்கள். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் பள்ளிக்கூடம் எதற்கு?

இந்தப் பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அது கிடைத்தே தீர வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 24ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவையான அளவுக்குக் கூடுதலாகக் கற்பிப்பதும் அவற்றில் ஒன்று. சட்டம் இதைக் குழந்தையின் குறையாக எழுதவில்லை, ஆசிரியரின் கடமையாக எழுதியிருக்கிறது. நம் பள்ளிகளின் பட்டியல் அதைத் தலைகீழாக்கிக் குழந்தையின் பெயருக்கு நேரே எழுதுகிறது.

கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாடு இந்தத் திசையில் பல முயற்சிகளைச் செய்திருக்கிறது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். 2025இல் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை அடிப்படைத் தேர்வு வைத்துப் பின்தங்கியவர்களைக் கண்டறிந்து தமிழ், ஆங்கிலம், கணக்கு சொல்லித்தரும் 'திறன்' இயக்கம் தொடங்கியது. ஆக, அடுக்கு அடுக்கான உதவி என்பது நம் பள்ளிகளுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. எந்தப் பிள்ளை எந்த அடுக்கில் என்று முடிவு செய்வது யார், அந்த முடிவை மாற்றுவது யார் என்பதுதான் இன்னும் பேசப்படவில்லை.

அடுக்கு என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குச் சந்தேகம் வருகிறது. வரத்தான் வேண்டும். கோணிப்பையை வீட்டிலிருந்து கொண்டுவந்து வகுப்பில் தனியே உட்கார வைக்கப்பட்ட சிறுவன்தான் பிற்காலத்தில் இந்தச் சமூகத்தின் இயல்பைப் 'படிநிலைச் சமத்துவமின்மை' என்று விளக்கிய அம்பேத்கர். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியாரும் திராவிடர் கழகமும் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார். அந்தத் திட்டமும் பிள்ளைகளுக்கு நல்லது என்று சொல்லித்தான் வந்தது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவம்

மூன்று அடுக்கு உதவி என்ற ஏற்பாடு இன்றைய வடிவில் வளர்ந்தது அமெரிக்காவில். முதல் அடுக்கு, எல்லாப் பிள்ளைகளுக்குமான நல்ல வகுப்பறைக் கற்பித்தல். அது போதாதவர்களுக்கு இரண்டாம் அடுக்கில் சிறு குழுவாகக் கூடுதல் நேரம். அதுவும் போதாத சிலருக்கு மூன்றாம் அடுக்கில் தனித்தனியான கவனிப்பு. நூற்றில் எண்பது, பதினைந்து, ஐந்து என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 2004இல் திருத்தப்பட்ட மாற்றுத்திறனாளர் கல்விச் சட்டம் இதற்கு வழி திறந்தது. ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்தும் முன், தகுந்த முறையில் கற்பித்துப் பார்த்து முன்னேற்றம் இருக்கிறதா என்று கவனிக்கும் முறையைப் பள்ளிகள் பயன்படுத்தலாம் என்றது அந்தச் சட்டம்.

அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு போராட்ட வரலாறு இருக்கிறது. தலைநகர் வாஷிங்டனின் பள்ளிகளில் 1954இல் நிறப்பிரிவினை சட்டப்படி ஒழிந்தது. இரண்டே ஆண்டில், பின்னாளில் கண்காணிப்பாளரான கார்ல் ஹான்சனின் முயற்சியில், மாணவர்களைத் திறன் அடிப்படையில் தனித்தனித் தடங்களாகப் பிரிக்கும் முறை வந்தது. பிரிப்பதற்குத் தேர்வு வைத்தார்கள். யார் மீதும் நிறத்தைச் சொல்லிக் கை வைக்கவில்லை. ஆனாலும் கடைசித் தடத்தில் கறுப்பினப் பிள்ளைகளும் ஏழைகளும் குவிந்தார்கள். ஜூலியஸ் ஹாப்சன் என்ற கறுப்பினச் செயற்பாட்டாளர் வழக்குத் தொடர்ந்தார். 1967இல் நீதிபதி ஸ்கெல்லி ரைட் அந்தத் தட முறையை ஒழிக்க உத்தரவிட்டார். பிரிக்கப் பயன்பட்ட தேர்வுகள் வெள்ளை நடுத்தர வர்க்கப் பிள்ளைகளை அளவுகோலாகக் கொண்டவை என்பதும், கீழ்த்தடத்தில் விழுந்த பிள்ளை மேலே ஏறி வருவது அரிது என்பதும், ஏற்றிவிடுவதற்கான கூடுதல் கற்பித்தல் போதிய அளவு இல்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் தெளிவாகின.

கலிபோர்னியாவில் இன்னொரு வழக்கு. அறிவுத்திறன் தேர்வு வைத்து, மனவளர்ச்சி குன்றியோருக்கான வகுப்புகளில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மாநில மாணவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 10 விழுக்காடு. அந்த வகுப்புகளில் மட்டும் அவர்கள் சுமார் 25 விழுக்காடு. லாரி பி. என்ற பெயரில் அறியப்படும் அந்த வழக்கில் 1979இல் நீதிபதி ராபர்ட் பெக்கம், கறுப்பினப் பிள்ளைகளை அவ்வாறு சேர்க்க அறிவுத்திறன் தேர்வைப் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தார்.

நமக்கு இதில் பாடம் இருக்கிறது. வாசலில் நிறுத்த முடியாமல் போன பிள்ளைகளை உள்ளே விட்டு, உள்ளேயே பிரிக்க முடியும். அதற்குக் கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை, கேள்வி கேட்கப்படாத ஒரு தேர்வும் கேள்வி கேட்காத ஒரு குழுவும் போதும். ஏறி வர வழியுள்ள அடுக்குக்குத்தான் உதவி என்று பெயர். வழியில்லாத அடுக்குக்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு.

குழுவில் யார்?

நம் பள்ளிகளில் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளி மேலாண்மைக் குழு, பெற்றோர் ஆசிரியர் கழகம், மாணவர் பாதுகாப்புக்கென ஓர் ஆலோசனைக் குழு என்று அடுக்கலாம். ஒரு தனிப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதற்கென்று உட்காரும் குழுதான் இல்லை. அந்த வேலை வகுப்பாசிரியர் ஒருவரின் தலையில் விழுகிறது. அவர் தனியாகச் செய்யும்போது அவரது மனதில் இருக்கும் ஊர்தான் தாளில் இறங்கும். நல்லவர், கெட்டவர் என்பதல்ல இங்கே பேச்சு. ஒருவர் மட்டும் எடுக்கும் முடிவைத் திருத்த அங்கே இன்னொருவர் இல்லை.

ஆறேழு பேர் கொண்ட சிறு குழு போதும். தலைமை ஆசிரியர், வகுப்பாசிரியர், மொழியாசிரியர் ஒருவர், கணக்காசிரியர் ஒருவர், மாதம் ஒருமுறையாவது வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர். இவர்களோடு பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து இரண்டு தாய்மார்கள். இருவரும் காலனியிலிருந்து வர வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் அவரை வாய்மூட வைப்பது எளிது, இருவர் இருந்தால் ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடிப்பார்.

இது சலுகை கேட்பதல்ல. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிவுற்ற பிரிவினரின் பெற்றோருக்கு விகிதாசாரப்படி இடம் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவே சொல்கிறது. காகிதத்தில் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் கூட்டம் பகல் பதினோரு மணிக்கு நடக்கிறது. அப்போது அந்தத் தாய் நூறு நாள் வேலையில் இருப்பார், அல்லது களை எடுத்துக்கொண்டிருப்பார். தீர்மான ஏடு மட்டும் மாலையில் வீடு தேடிப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரும். கூலி போகாத நேரத்தில் கூட்டம் வைக்க முடியாத பள்ளி, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று சொல்லும் தகுதியை இழக்கிறது.

தாய்மார்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்பார்கள். பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அறுவடைக் காலத்தில் அக்காள் வேலைக்குப் போவதால் தம்பிதான் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறான் என்பது தெரியும். எந்த ஆசிரியர் கையை நீட்டச் சொல்லாமல் தூரத்திலிருந்தே நோட்டைப் போடச் சொல்கிறார் என்பதும் தெரியும். எந்த அடிப்படைத் தேர்வும் இதையெல்லாம் கேட்காது.

குழு எப்படி வேலை செய்யும்?

முதல் கேள்வியைப் பிள்ளையை நோக்கிக் கேட்கக் கூடாது. ஒரு வகுப்பில் நாற்பது பேரில் இருபது பேருக்குக் கூடுதல் உதவி தேவை என்று பட்டியல் வந்தால், கோளாறு அந்த இருபது பேரிடம் இல்லை. முதல் அடுக்கிலேயே கோளாறு. அந்த வகுப்புக்குக் கணக்காசிரியர் இருந்தாரா, எத்தனை மாதம் பணியிடம் காலியாகக் கிடந்தது, பாடம் நடந்ததா என்று குழு முதலில் பார்க்க வேண்டும். பட்டியலை மடித்து வைத்துவிட்டு வகுப்பறையைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்து, கையில் சான்று வேண்டும். 'இவனுக்கு வராது' என்பது சான்றல்ல. பிள்ளையை ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்டது, நான்கு கணக்குப் போடச் சொல்லிப் பார்த்தது, வருகைப் பதிவு, பாட நோட்டு. இவை நான்கும் மேசையில் இருந்தால்தான் பேச்சு தொடங்க வேண்டும். கண், காது சோதனை நடந்ததா என்று கேட்க வேண்டும். குறிப்பான கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு உரிய சோதனையும் சான்றிதழும் தேர்வுச் சலுகையும் கிடைக்க வேண்டும். நகரத்துத் தனியார் பள்ளியில் 'டிஸ்லெக்சியா' என்று மருத்துவரிடம் அழைத்துப்போகும் அதே சிக்கலை நம் பிள்ளையிடம் 'மக்கு' என்று முடித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, இரண்டாம் அடுக்கில் சேர்க்கும் நாளிலேயே வெளியே வரும் நாளையும் எழுத வேண்டும். எட்டு வாரம் என்றால் எட்டு வாரம். எட்டாவது வாரம் குழு மீண்டும் உட்கார வேண்டும். பிள்ளை முன்னேறியிருந்தால் பெயரை எடுக்க வேண்டும். முன்னேறவில்லை என்றால் கற்பித்த முறையை மாற்ற வேண்டும். பழைய பட்டியலையே தேதி மாற்றி அடுத்த ஆண்டுக்கும் அனுப்பும் வழக்கத்துக்கு முடிவு கட்ட இது ஒன்றே வழி.

நான்காவது, யார் சொல்லித்தருவது, எந்த நேரத்தில்? பள்ளியின் அனுபவமிக்க ஆசிரியர் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கும், தொகுப்பூதியத்தில் வந்த இளம் ஆசிரியர் பின்தங்கியவர்களுக்கும் என்பதுதான் எழுதப்படாத விதி. குழு இதை மாற்றி எழுத வேண்டும். விளையாட்டு வேளையைப் பிடுங்கிக் கூடுதல் வகுப்பு நடத்தக் கூடாது. நான் படித்த பள்ளியில் நன்றாகப் படிப்பவர்கள் 'ஏ' பிரிவிலும் நாங்கள் 'டி' பிரிவிலும் இருந்தோம். மற்றவர்கள் கபடி ஆடும்போது நாங்கள் வராந்தாவில் வாய்பாடு எழுதினோம். வாய்பாடு எனக்கு மறந்துவிட்டது. யாரெல்லாம் வராந்தாவில் இருந்தோம் என்பது மறக்கவில்லை.

வராத பிள்ளையும் தகவல்தான்

உதவி என்பது எழுத்தும் எண்ணும் மட்டுமல்ல. 2023 ஆகஸ்ட் 9. நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவர் ஒருவர் சில நாட்களாகப் பள்ளிக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டபோதுதான் சக மாணவர்களின் சாதியத் தொல்லை வெளியே வந்தது. புகார் சொன்னதற்காக அன்றிரவு வீடு புகுந்து அவரை வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். படுகாயங்களோடு உயிர் பிழைத்த அந்த மாணவர் அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார். அவருக்குப் படிப்பு வராமல் இல்லை. பள்ளிக்குள் இருக்க முடியாமல் இருந்தது.

வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விழும் சுழியம்தான் ஒரு பிள்ளை எழுப்பும் முதல் குரல். மூன்று நாள் வரவில்லை என்றால் குழுவுக்குத் தெரிய வேண்டும். கேட்கப் போகிறவர் அந்தப் பிள்ளை நம்பும் ஆளாக இருக்க வேண்டும். சொன்னது யார் காதுக்குப் போகிறது, சொன்ன பிள்ளை அன்று மாலை எந்த வழியாக, யாரோடு வீட்டுக்குப் போகிறது என்பதுவரை யோசிப்பதுதான் மூன்றாம் அடுக்கு உதவி. புகாரை வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தனியே அனுப்பிவைப்பது உதவியல்ல.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. 500 மாணவர்களுக்கு மேலுள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும், பெயரின் அகரவரிசைப்படி மாணவர்களை உட்கார வைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. நான் சொல்லும் குழுவுக்கு அந்த நல அலுவலர் இயல்பான ஒருங்கிணைப்பாளராக இருக்க முடியும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. பதிவேட்டில் சாதி இல்லையென்றால், மெல்லக் கற்போர் பட்டியல் சாதிவாரியாக விழுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் கருத்து இது. வகுப்பாசிரியர் கையில் சாதி விவரம் இருக்கக் கூடாது. அது முன்முடிவுக்குத்தான் பயன்படும். பள்ளியின் மொத்தக் கணக்கு மட்டும் ஆண்டுக்கு இருமுறை பள்ளிக்கு வெளியே, வட்டார அளவில், பெயர்கள் இல்லாமல் சரிபார்க்கப்பட வேண்டும். பள்ளியில் தலித் பிள்ளைகள் கால்வாசி, பட்டியலில் பாதி என்றால், அந்தப் பள்ளி பதில் சொல்ல வேண்டும். சேர்க்கையின்போது வாங்கிய விவரம் எமிஸ் தளத்தில் ஏற்கெனவே இருக்கிறது. உதவித்தொகைக்குப் பயன்படும் அந்தத் தகவல் நீதிக்கும் பயன்படட்டும். சாதியைப் பார்க்காதே என்பது பிள்ளையை எடைபோடும் ஆசிரியருக்கான விதி. ஆசிரியரை எடைபோடும் அமைப்புக்கு அந்த விதி பொருந்தாது.

ஆசிரியர்களின் நியாயம்

இதையெல்லாம் படிக்கும் ஆசிரியத் தோழர் ஒருவர் எரிச்சலடையக்கூடும். இருக்கிற எமிஸ் பதிவுகளையே முடிக்க முடியவில்லை, இதில் இன்னொரு குழுவா என்று கேட்பார். நியாயமான கேள்வி. கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர்த்த பிற வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று அதே சட்டத்தின் 27ஆவது பிரிவு சொல்கிறது. பயிற்சி, படம் எடுத்து அனுப்புதல், செயலியில் ஏற்றுதல் என்று அவர்களது நேரம் கரைந்துகொண்டிருப்பதை நேரில் பார்க்கிறேன். எனவே இந்தக் குழுவுக்குப் புதிய செயலி வேண்டாம், புதிய படிவம் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பாடவேளை, ஒரு நோட்டு, ஒரு கூட்டத்தில் ஐந்தாறு பிள்ளைகளைப் பற்றிய பேச்சு போதும். பேசிய நேரத்துக்கு ஈடாக ஏதாவது ஒரு பதிவேட்டை அரசு ரத்து செய்யட்டும்.

ஆணை எதுவும் இல்லாமலே மாலையில் தங்கிப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தரும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மாற்றலாகிப் போன மறுநாள் அந்த வேலை நின்றுபோவதையும் பார்த்திருக்கிறேன். தனிமனித நன்மனதை நம்பி நம் பிள்ளைகளின் எதிர்காலத்தை விட முடியாது என்பதால்தான் அமைப்பு வேண்டும் என்கிறோம்.

இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளியில் வன்கொடுமை நடந்த பிறகு திரள்வது அவசியம். அதைத் தொடர்ந்து செய்வோம். அதற்கு முன்பே, உங்கள் ஊர்ப் பள்ளியில் மேலாண்மைக் குழு எப்போது கூடுகிறது, காலனியிலிருந்து யார் உறுப்பினர், அவர் கடைசியாக எப்போது கூட்டத்துக்குப் போனார் என்று விசாரியுங்கள். போகாமல் இருந்தால் அடுத்த கூட்டத்துக்குத் துணையாகப் போங்கள். மெல்லக் கற்போர் பட்டியலைக் கேளுங்கள். எந்தப் பிள்ளையின் பெயர் எந்தச் சான்றின்பேரில் ஏறியது, எந்தத் தேதியில் இறங்கும் என்று கேளுங்கள்.

அரசிடம் நாம் கேட்பவை நான்கு. ஒவ்வொரு பள்ளியிலும் காலனிப் பெற்றோர் இருவரேனும் இடம்பெறும் மாணவர் உதவிக் குழு. பட்டியலில் ஏறும் ஒவ்வொரு பெயருக்கும் வெளியேறும் தேதி. சந்துரு குழு பரிந்துரைத்த பள்ளி நல அலுவலர் பணியிடம். ஆண்டுக்கு இருமுறை வெளியிலிருந்து சமூகநீதிச் சரிபார்ப்பு. இவற்றுக்குப் பெரிய நிதி வேண்டாம், நல அலுவலர் சம்பளம் ஒன்றைத் தவிர.

தாமதமாகப் படிப்பது குற்றமல்ல. எங்கள் தாத்தாக்களுக்குப் பள்ளியின் வாசலே திறக்கவில்லை. அப்பாக்கள் ஐந்தாம் வகுப்போடு நின்றார்கள். இத்தனை தலைமுறைத் தாமதத்தைச் சுமந்துகொண்டு முதல் பெஞ்சுக்கு வர முயலும் பிள்ளையைப் பார்த்து 'மெல்லக் கற்பவன்' என்று எழுதும் கையிடம், அந்தத் தாளை இங்கே வை, சேர்ந்து பேசுவோம் என்று சொல்ல நம் ஆட்கள் அந்த அறைக்குள் இருக்க வேண்டும்.